அமாவாசை அன்னைக்கு ஓடின தறி

அன்னைக்கு எனக்கு இருந்தது ஒரே ஒரு வேலை. வேலூர்ல இருந்து வர்ற கல்யாணப் பார்ட்டிக்கு முகூர்த்தப் புடவை காட்டணும். அவ்வளவுதான்.

புடவை ரெடி. பாய் விரிச்சாச்சு. ஃபேன் ஓடுது. இதுல என்ன தப்பு நடக்க முடியும்னு நீங்க கேட்டா, என்னைப் பத்தி உங்களுக்கு இன்னும் சரியா தெரியலைன்னு அர்த்தம்.

வீட்டைப் பத்தி மொதல்ல சொல்லிடறேன். காஞ்சிபுரம், பிள்ளையார்பாளையம். முன்னாடி ஹால், நடுவுல சமையல்கட்டு, பின்னாடி தறி ரூம். தறியில உட்கார்றவர் கன்னியப்பன். நெய்யறது அவர், விக்கறது நான், எங்க ரெண்டு பேரையும் சமாளிக்கறது என் பொண்டாட்டி கோமதி.

இந்த வீட்டுக்குத்தான் போன மாசம் மூணு ஸ்பீக்கர் வாங்கினேன். ஒயரே கிடையாது. எல்லாம் வைஃபையில ஓடும். ஹால்ல ஆரம்பிச்ச பாட்டு, நான் தண்ணி குடிக்க சமையல்கட்டுக்குப் போனா அங்கயும் பாடும். தறி ரூமுக்குப் போனா அங்கயும் பாடும். எதுல பாடணும், எவ்வளவு சத்தமா பாடணும், எல்லாம் போன்லயே தட்டிக்கலாம்.

கடைக்காரர் சொல்லாத ஒரு விஷயம், மூணும் ஒண்ணா பாடினா ஒண்ணுக்கொண்ணு ஒத்துப் போகாது. ஹால்ல பாடகர் ஒரு வரி பாடி முடிச்சதும் சமையல்கட்டுல அதே வரியை மறுபடி ஆரம்பிப்பார். கோமதி இதைக் கேட்டுட்டு, இருக்கற வீட்டுக்குள்ளயே மலை எதிரொலிக்குதுன்னு சொன்னா. நான் காதுல வாங்கிக்கல. காசு போட்டு வாங்கினவனுக்கு எல்லாம் இனிமையாத்தான் கேட்கும்.

சரி, பார்ட்டிக்கு வருவோம்.

பொண்ணோட அம்மா பேரு தனலட்சுமி. போன்லயே கறாரா சொல்லிட்டாங்க. முன்னாடி மூத்த பொண்ணு கல்யாணத்துக்கு எங்கயோ போய் கைத்தறின்னு நம்பி மெஷின் புடவையை வாங்கிட்டு வந்திருக்காங்க. அதனால இந்த வாட்டி தறி ஓடுற வீட்டுலதான் எடுப்பாங்களாம். தறிச் சத்தத்தைக் காதால கேட்டாத்தான் மனசு ஒப்புமாம். வர்ற அமாவாசைக்கு வர்றோம்னாங்க. நிறைஞ்ச அமாவாசை, கல்யாணப் புடவை எடுக்க அதைவிட நல்ல நாள் ஏதுன்னு அவங்க நியாயம்.

நானும் தாராளமா வாங்கம்மான்னு சொல்லி போனை வச்சுட்டேன். வச்சப்புறம்தான் உறைச்சுது.

எங்க ஊர்ல அமாவாசைன்னா தறிக்கு லீவு. எவ்வளவு அவசர ஆர்டரா இருந்தாலும் அன்னைக்கு ஒருத்தரும் தறியில உட்கார மாட்டாங்க. குளிச்சமா, கோயிலுக்குப் போனமான்னு இருப்பாங்க. கன்னியப்பனை அன்னைக்கு நெய்யச் சொல்றதுக்கு எனக்கு வாயே வராது.

கோமதி ரொம்ப சுலபமா ஒரு வழி சொன்னா. "உள்ளதைச் சொல்லிடுங்க. அமாவாசைக்கு தறி ஓடாதும்மா, மறுநாள் வாங்கன்னு சொல்லுங்க. இதுல என்னா இருக்குது?"

எனக்கு பயம். இந்த சீசன்ல நமக்குன்னு தேடி வந்த ஒரே கல்யாணப் பார்ட்டி இதுதான். முகூர்த்தப் புடவை நம்மகிட்ட எடுத்தா, சொந்தக்காரங்களுக்கு எடுக்கறதும் நம்மகிட்டதான் வரும். மறுநாள் வாங்கன்னா, அவங்க வேற வீட்டுக்குப் போயிட்டா? பயம் வந்தா மத்தவங்களுக்கு வேர்க்கும். எனக்கு ஐடியா வரும்.

அமாவாசைக்கு முந்தின நாள் கன்னியப்பன் நெய்யும்போது போனை ஜன்னல்ல வச்சு தறிச் சத்தத்தைப் பதிவு பண்ணினேன். எதுக்குன்னு அவர் கேட்டார். சும்மா ஞாபகத்துக்குன்னு சொன்னேன். தினமும் கேட்கற சத்தத்தை எதுக்கு ஞாபகம் வச்சுக்கணும்னு அவர் கேட்கல. பெரிய மனசு.

ராத்திரி அந்தப் பதிவை ஆரம்பத்துல இருந்து கொஞ்ச நேரம் போட்டுக் கேட்டேன். தறி ரூம் ஸ்பீக்கர்ல அச்சு அசல் தறி. கண்ணை மூடினா கன்னியப்பனே தெரியறார். பதிவுக்கு கன்னியப்பன் தறின்னு பேரு குடுத்து, முடிஞ்சதும் மறுபடி மொதல்ல இருந்து ஓடற மாதிரி வச்சுட்டு, நிம்மதியா படுத்தேன். முழுசா கேட்கணும்னு தோணவே இல்ல. சோம்பேறிக்கு தன்மேல இருக்கற நம்பிக்கை வேற யாருக்கும் இருக்காது.

அமாவாசை. தனலட்சுமி அம்மாவும் கல்யாணப் பொண்ணும் வந்தாங்க. பின்னாடி ரூம் கதவைச் சாத்தி வச்சிருந்தேன். உள்ள இருந்து தறி ஓடுது. அம்மா காதைச் சாய்ச்சு கேட்டாங்க. முகம் மலர்ந்துச்சு. "இதாம்மா. இதைத்தான் நான் தேடிக்கினு இருந்தேன்"னு பொண்ணுகிட்ட சொன்னாங்க. எனக்கு அப்படியே ஒரு அடி உயரம் கூடின மாதிரி இருந்துச்சு.

பொண்ணு என்கிட்ட வைஃபை பாஸ்வேர்டு கேட்டுச்சு. மாப்பிள்ளைக்கு புடவை போட்டோ அனுப்பணுமாம். பெருமையா சொல்லிக் குடுத்தேன்.

அரக்கு கலர்ல மாங்கா பார்டர் புடவையைப் பிரிச்சேன். ரெண்டு பேருக்கும் கண்ணு அதைவிட்டு நகரல. விழுந்தாச்சுன்னு நினைச்சேன்.

அப்ப உள்ள தறிச் சத்தம் நின்னுச்சு. ஒரு இருமல். அதுக்கப்புறம் கன்னியப்பன் குரல், தெளிவா:

"டீ வந்துச்சா?"

பதிவோட கடைசியில மனுஷன் டீ கேட்டிருக்கார்.

தனலட்சுமி அம்மாவுக்கு ரொம்ப இளகின மனசு. பாவம், உழைக்கிற மனுஷன், மொதல்ல டீயைக் குடுங்கன்னாங்க. கோமதி என்னைப் பார்த்த பார்வையை எழுத தமிழ்ல எழுத்து பத்தாது. டீ போட்டு, டம்ளரை என் கையில திணிச்சா. நான் தறி ரூமுக்குள்ள போய், கதவைச் சாத்திக்கிட்டு, ஆள் இல்லாத தறிக்குப் பக்கத்துல நின்னு டீயைக் குடிச்சேன். காலி டம்ளரோட வெளிய வந்தேன்.

அடுத்த புடவையைப் பிரிச்சு முந்தானையைக் காட்டிக்கிட்டு இருக்கேன். தறி நின்னுச்சு. இருமல். "டீ வந்துச்சா?"

இப்பத்தானே குடுத்தீங்கன்னு அம்மா என்னைப் பார்த்தாங்க. கன்னியப்பனுக்கு டீ கொஞ்சம் அதிகம்னு சொன்னேன். மறுபடி டம்ளர். மறுபடி நான். இந்த வாட்டி ஆறவே இல்ல, நாக்கு வெந்து போச்சு.

மூணாவது டீக்கு அப்புறம் எனக்கு வயிறு பொருமிருச்சு. தனலட்சுமி அம்மாவுக்கு கவலை வந்துருச்சு. இவ்வளவு டீ உடம்புக்கு ஆகாது, இருமல் வேற இருக்குது, நான் ஒரு வார்த்தை சொல்லிட்டு வர்றேன்னு எழுந்துட்டாங்க.

நான் கதவுக்கு குறுக்கால பாய்ஞ்சேன். நெய்யும்போது வெளியாளு உள்ள போனா இழை அறுந்துடும்னு ஒரு ஐதீகம் இருக்குதும்மான்னு சொன்னேன். இப்படி ஒரு ஐதீகம் காஞ்சிபுரத்துல ஒருத்தருக்கும் தெரியாது. வாயில இருந்து வர்ற வரைக்கும் எனக்கே தெரியாது.

பாவம் அவங்க, கன்னத்துல போட்டுக்கிட்டு உட்கார்ந்துட்டாங்க.

இதுக்கு மேல டீ உள்ள இறங்காது. பதிவுல அந்தக் கடைசி பாகத்தை வெட்டிடலாம்னு போனை முதுகுக்குப் பின்னாடி வச்சு தட்டினேன். கண்ணால பார்த்துத் தட்டினாலே எனக்கு தப்பா போகும். இது முதுகுக்குப் பின்னாடி.

திடீர்னு ஹால்ல டி.வி. ஸ்டாண்டு மேல ஒரு தறி ஓட ஆரம்பிச்சுது. கொஞ்சம் கழிச்சு சமையல்கட்டுல ஒரு தறி. உள்ள இருக்கறது ஏற்கனவே ஓடுது. மூணும் ஒண்ணுக்கொண்ணு ஒத்துப் போகாம வீடே தடதடன்னு ஆடற மாதிரி ஒரு சத்தம்.

தனலட்சுமி அம்மா தலையைத் தூக்கிப் பார்த்தாங்க. இன்னொரு தறியும் இருக்குதான்னு கேட்டாங்க. மாடியில இருக்குதும்மான்னு சொல்லிட்டேன். எங்க வீட்டுக்கு மாடி கிடையாது. அவங்க வரும்போதே வாசல்ல நின்னு ஓட்டுக்கூரையைப் பார்த்துட்டுத்தான் உள்ள வந்தாங்க.

பொண்ணு மட்டும் போனைப் பார்த்துத் தலையைக் குனிஞ்சுக்கிட்டு இருந்துச்சு. தோள் லேசா குலுங்குச்சு. மாப்பிள்ளை ஏதோ ஜோக் அனுப்பியிருப்பார்னு நினைச்சேன்.

நான் எல்லாத்தையும் யோசிச்சேன். ஒண்ணை மட்டும் யோசிக்கல. ஊரு முழுக்க தறி நின்னு, தெருவே அமைதியா இருக்கற நாள். அந்த அமைதியில என் வீட்டுல மட்டும் மூணு தறி ஓடினா எவ்வளவு தூரம் கேட்கும்?

வாசல்ல ஆள் வந்து நின்னாச்சு. பக்கத்து வீட்டு தேவராஜ். எனக்கும் அவருக்கும் நடுவுல ஒரே ஒரு சுவர்தான். அவரும் நெசவுதான், அவரும் வீட்டுல வச்சு புடவை விக்கறவர்தான். எப்பவும் என்னை அண்ணேன்னு கூப்பிடற மனுஷன் அன்னைக்கு செருப்பைக்கூட கழட்டல.

"என்னாண்ணே இது? அமாவாசை அதுவுமா தறி ஓட்டிக்கினு இருக்குற? தெருவுல எல்லாரும் கேக்குறாங்கப்பா."

நான் பதில் சொல்றதுக்குள்ள அவருக்குப் பின்னாடி இருந்து இன்னொருத்தர் எட்டிப் பார்த்தார். குளிச்சு, நெத்தி நிறைய விபூதி பூசி, கையில கோயில் பிரசாதத்தோட. கன்னியப்பன்.

அவருக்கு கோவத்தைவிட வருத்தம்தான் அதிகமா தெரிஞ்சுது. "என் தறியில யாரை மொதலாளி உக்கார வச்ச?" அப்படின்னு மெதுவா கேட்டார்.

இப்ப என் நிலைமையைப் பாருங்க. தறி ஓடுதுன்னு சொன்னா, அமாவாசையில தறி ஓட்டின பாவி. கன்னியப்பன் நாளைக்கே வேற வீட்டுக்குப் போயிடுவார், தெருவுல ஒருத்தன் என்கிட்ட பேச மாட்டான். தறி ஓடலைன்னு சொன்னா, இந்த அம்மாவை ஏமாத்தின ஃபிராடு. ரெண்டு பக்கமும் ஆள் நின்னுக்கிட்டு என் வாயையே பார்க்கறாங்க.

ரெண்டுல எது கம்மி அசிங்கம்னு நான் கணக்குப் போட்டுக்கிட்டு இருக்கும்போதே மூணு தறியும் ஒண்ணொண்ணா நின்னுச்சு. உள்ள ஒரு இருமல், ஹால்ல ஒரு இருமல், சமையல்கட்டுல ஒரு இருமல்.

"டீ வந்துச்சா?" "டீ வந்துச்சா?" "டீ வந்துச்சா?"

கன்னியப்பன் டி.வி. ஸ்டாண்டைப் பார்த்தார். சமையல்கட்டைப் பார்த்தார். தனலட்சுமி அம்மா கன்னியப்பனைப் பார்த்தாங்க. அவர் ரொம்ப சங்கடத்தோட அவங்ககிட்ட சொன்னார்: "அது நான்தாம்மா."

இதுக்கு மேல மறைக்க என்ன இருக்கு? எல்லாத்தையும் சொல்லிட்டேன். தறி ஓடல, ஸ்பீக்கர்தான். கன்னியப்பன் இடத்துல யாரும் உட்காரல. டீ எல்லாம் குடிச்சது நான். சொல்லும்போது வெட்கத்துல காது ரெண்டும் சுட்டுச்சு. கன்னியப்பன் பெருமூச்சு விட்டு, பிரசாதத்தை கோமதி கையில குடுத்துட்டு, தறி ரூம் கதவைத் திறந்து ஒரு தடவை எட்டிப் பார்த்துட்டுத்தான் சமாதானம் ஆனார்.

பொண்ணு அப்பத்தான் வாயைத் திறந்துச்சு. "எனக்கு மொதல்லயே தெரியும் அங்கிள். உங்க வைஃபைல சேர்ந்ததும் என் போன்லயே காட்டுச்சு. கன்னியப்பன் தறி, தறி ரூம்ல ஓடுதுன்னு." அப்ப ஏன்மா சொல்லலைன்னு கேட்டேன். நீங்க இன்னும் எத்தனை டீ குடிப்பீங்கன்னு பார்க்கலாம்னுதான் அங்கிள், அப்படின்னு சொல்லுச்சு. அந்த மாப்பிள்ளையை நினைச்சா எனக்குப் பாவமா இருக்கு.

தனலட்சுமி அம்மா திட்டுவாங்கன்னு எதிர்பார்த்தேன். திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும். தேவராஜைக் கூப்பிட்டு, அமாவாசைக்கு இங்க நெசமாவே தறி ஓடாதான்னு விசாரிச்சாங்க. எங்க தாத்தா காலத்துல இருந்தே ஓடாதும்மான்னு அவர் சொன்னார். அப்புறம் என் பக்கம் திரும்பினாங்க.

"மெஷினுக்கு ஏதுப்பா அமாவாசை? இன்னைக்கு தறி நிக்குதும்மான்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, அதைவிட எனக்கு என்னா சாட்சி வேணும்? கண்ணை மூடிக்கினு எடுத்திருப்பேனே."

சொல்லிட்டு அரக்குப் புடவையை ஒரு தடவை தடவிப் பார்த்து, அழகா மடிச்சு, என் மடியில வச்சுட்டாங்க. பொண்ணைக் கூட்டிக்கிட்டு எழுந்தாங்க. கோமதி மிச்சம் இருந்த பாலை எடுத்து ஃப்ரிட்ஜ்ல வச்சா.

வாசல் வரைக்கும் போய் வழியனுப்பினேன். அவங்க ஆட்டோவுல ஏறல. நேரா பக்கத்து வீட்டுக்குள்ள போனாங்க. அங்க தேவராஜோட தறி சத்தமே இல்லாம சும்மா கிடந்துச்சு. அதைப் பார்த்து திருப்திப்பட்டு, முகூர்த்தப் புடவை, நிச்சயப் புடவை, சம்பந்திக்கு வைக்கற புடவைன்னு மொத்தத்தையும் அங்கயே எடுத்துட்டாங்க. சுவருக்கு அந்தப் பக்கம் அவங்க சிரிச்சுப் பேசறது எனக்கு நல்லா கேட்டுச்சு. அதுக்கு ஸ்பீக்கர் எதுவும் தேவைப்படல.

சாயங்காலம் தேவராஜ் ஸ்வீட் பாக்ஸோட வந்தார். இந்த வாட்டி செருப்பை வாசல்லயே கழட்டிட்டு வந்தார். பாக்ஸை என் கையில குடுத்து, ரொம்ப மரியாதையா கேட்டார்:

"அண்ணே, அடுத்த அமாவாசைக்கு ஆரணியில இருந்து ஒரு பார்ட்டி வருது. நீ அன்னைக்கும் கொஞ்சம் தறி ஓட்டுறியா?"