உங்கள் தங்கை பெட்ரோல் பாதையை அகலப்படுத்திய விதம்

மதிப்பிற்குரிய மச்சான் அவர்களுக்கு,

வணக்கம். இங்கே நான் நலம், கார் என்னைவிட நலம். அங்கே நீங்களும் அக்காவும் பிள்ளைகளும் நலமா? மரியாதை முடிந்தது, விஷயத்துக்கு வருகிறேன். வரும் ஞாயிற்றுக்கிழமை மலைப்பாதையில் நடக்கும் கார் பந்தயத்தில் உங்கள் தங்கை ஓட்டப் போகிறாள். நீங்கள் சனிக்கிழமைக்குள் நேரில் வந்து "வேண்டாம்" என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். என் பேச்சு இந்த வீட்டில் எடுபட்டு வெகுகாலமாகிறது.

எல்லாம் நீங்கள் "கடைக்குப் போய்வர வெச்சுக்கோ" என்று விட்டுப்போன அந்தப் பழைய காரால் வந்த வினை. இவளுடைய தையல் கடைக்குத் துணி ஏற்றிப் போனவரை சாதுவாகத்தான் இருந்தது. பிறகு, நொறுங்கிப்போன ஏதோ வண்டியின் டர்போ மலிவாகக் கிடைக்க, இவள் வாங்கி மாட்டினாள். அது இஞ்சினுக்குள் காற்றை அமுக்கித் தள்ளுமாம், கார் பறக்குமாம். பறக்கவில்லை. ஏற்றத்தில் அழுத்தி மிதித்தால் இருமிவிட்டு நின்றது. பின்னால் வந்த பஸ் டிரைவர் என் பரம்பரையையே விசாரித்தார். மெக்கானிக் பார்த்துவிட்டு, "காத்து கூடிடுச்சு, அதுக்கேத்த பெட்ரோல் வரலைம்மா. இப்படியே ஓட்டுனா இஞ்சின் வெந்துடும். டர்போவைக் கழட்டிடுவோம்" என்றார். எனக்கு உயிர் வந்தது. இவளோ, "ஆளு பருத்தா ஆளையா வெட்டுவோம்? சட்டையைத்தானே பிரிச்சுத் தைப்போம்?" என்றாள். மெக்கானிக் ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டார்.

அன்று பிரிக்க ஆரம்பித்ததுதான். பெட்ரோல் டாங்க் கழன்று வராந்தாவுக்கு வந்தது. வீடெல்லாம் பெட்ரோல் வாடை, அடுப்பு பற்றவைக்கத் தடை, ஒரு வாரம் ரொட்டியும் வாழைப்பழமும்தான். டாங்குக்குள் பெரிய பம்ப் வைத்தாள். அதன் வேகம் தாங்காமல் பழைய ரப்பர் குழாய் வாசலில் பிய்த்துக்கொள்ள, பக்கத்து வீட்டு வக்கீல் இடுப்பில் துண்டோடு மணல் வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். குழாயை மாற்றினாள். இஞ்சினுக்குள் பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டர்களையும் பெரிதாக மாற்றினாள். உடனே கரும்புகை கிளம்பி, கொடியில் காய்ந்த வக்கீலின் வெள்ளைச் சட்டைகளெல்லாம் கோர்ட்டுக்கு ஏற்ற நிறமாயின. "காரோட கம்ப்யூட்டருக்குப் புது அளவு தெரியாதுங்க. பழைய நெனப்புல ஊத்துது" என்று சர்வசாதாரணமாகச் சொன்னாள்.

அப்புறம் அவள் செய்ததைச் சொன்னால் நம்பமாட்டீர்கள். மெக்கானிக் லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு எண்களைச் சொல்ல, இவள் கண்ணை மூடி இஞ்சின் சத்தத்தைக் கேட்டு, "கொஞ்சம் இறுக்குங்க... இன்னும் கொஞ்சம்... போதும்" என்றாள். புகை நின்றது. இருமலும் நின்றது. மெக்கானிக், "நீங்க எங்கம்மா படிச்சீங்க?" என்று கேட்டார். "ரவிக்கை தைச்சுத்தான்" என்றாள். மச்சான், எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. என் சட்டைக்குக் காஜா எடுக்கிற அதே கைதானா இது? இருந்தாலும் மலைப்பாதையில் ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம். எனக்கு இருப்பது ஒரே மனைவி. உடனே வாருங்கள்.

அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகள் எங்களைவிட நிதானமாக வளர ஆசிகள்.

உங்கள் தங்கையைக் கட்டிக்கொண்டு வியந்து நிற்கும்
மைத்துனன்

பி.கு.: தபால் பெட்டிக்கு நடக்கக் கிளம்பினேன். "ஏறுங்க, விட்டுடறேன்" என்றாள். ஏறினேன். மிதித்தாள். முதுகு சீட்டோடு ஒட்டிக்கொண்டது. தபால் பெட்டி வந்ததும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை. மேட்டின் உச்சியில் நிறுத்தி, "பயந்துட்டீங்களா?" என்றாள். "இன்னொரு தடவை போலாமா?" என்றேன். ஆகவே மேலே எழுதியதை மறந்துவிடுங்கள். ஸ்டாம்ப் ஒட்டிவிட்டதால் அனுப்புகிறேன். சனிக்கிழமை அவசியம் வாருங்கள், தடுக்க அல்ல, கைதட்ட. பந்தயத்தில் பக்கத்து சீட்டில் ஒரு ஆள் உட்கார்ந்து, "வளைவு வருது, மெதுவா, பிரேக்கைப் பிடி" என்று வழி நெடுகக் கத்திக்கொண்டே வர வேண்டுமாம். கல்யாணமான நாளிலிருந்து அந்த வேலையைச் செய்துவரும் ஒரே ஆள் நான்தான் என்கிறாள். வரும்போது ஒரு ஹெல்மெட் வாங்கி வாருங்கள். அவளிடம் இருக்கிறது. எனக்குத்தான்.