எல்லாம் கேஸ்தான்

நெஞ்சு வலி, தலைசுற்றல், கை மரத்துப்போவது, மேலதிகாரியின் சிடுசிடுப்பு என்று எதைச் சொன்னாலும் ஒரே வார்த்தையில் நோயைக் கண்டுபிடித்துவிடும் ஓர் இனம் இருக்கிறது. கேஸ் நிபுணர் என்று வைத்துக்கொள்ளுங்கள். படித்து வாங்கிய பட்டமல்ல. என்றோ ஒருநாள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடி, ஒரே ஒரு ஏப்பத்தோடு வீடு திரும்பியவர். அந்த ஏப்பம் போதாதா?

என் அக்கா புருஷன் இந்த இனத்தில் முதல் வரிசை.

ஒரு ஞாயிறு மத்தியானம், அவர்கள் வீட்டு நாய் துரை, வட்டில் நிறைய சாப்பாட்டை ஒரே மூச்சில் விழுங்கிவிட்டு, பந்தைத் துரத்திக்கொண்டு ஓடியது. சற்று நேரத்தில் வயிறு உப்பி விறைத்துவிட்டது. உட்காரும், எழும், வாந்தியெடுக்க முக்கும். நுரையைத் தவிர ஒன்றும் வராது. ஈறு வெளுத்துக்கொண்டே போனது.

அத்தான் செய்தித்தாளை இறக்காமலே தீர்ப்புச் சொன்னார். "வெறும் கேஸ். மச்சான், அந்த சோடாவை எடு."

"அதால நிக்கவே முடியலைங்க" என்றாள் அக்கா.

"அன்னைக்கு நானுந்தான் நிக்கல."

நானும் சோடாவை எடுத்து மூடியைத் திருகிவிட்டேன், வெட்கமாகத்தான் இருக்கிறது. அக்கா அதற்குள் கால்நடை டாக்டருக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் எல்லாவற்றையும் ஒப்பித்தாள்.

"வாயில எதையும் ஊத்தாதீங்க. வயித்த அமுக்காதீங்க. உடனே கொண்டு வாங்க. இந்த மாதிரி கேஸ்ல..."

"கேட்டியா? டாக்டரே கேஸ்னுட்டார்."

"அவசர கேஸ்னு சொல்றேங்க. இரைப்பை முறுக்கியிருந்தா, பேசிட்டிருக்கிற நேரத்துலயே உயிர் போயிடும்."

அக்கா கார் சாவியை எடுத்தாள். நானும் அவளுமாகத் துரையைப் போர்வையோடு தூக்கிக் காரில் போட்டோம். ஆஸ்பத்திரியில் பார்த்தால், முறுக்கியேதான் இருந்தது. வயிற்றைக் கிழித்து, இரைப்பையைத் திருப்பி, தைத்தார்கள். பிழைத்துக்கொண்டது. அக்கா அங்கேயே சுவரில் சாய்ந்து அழுதாள்.

அத்தானும் பின்னாலேயே வந்து டாக்டரிடம் விசாரித்தார்.

"உள்ள என்ன டாக்டர் இருந்துச்சு?"

"காத்துதான், நிறைய."

அத்தான் எங்கள் பக்கம் திரும்பி மெல்லத் தலையசைத்தார். இந்த இனத்தைத் திருத்தவே முடியாததற்குக் காரணம் இதுதான். பாதி சரியாகச் சொல்லித் தொலைப்பார்கள்.

நீங்கள் அப்படியில்லை, தெரியும். ஆனாலும் ஒன்று கேட்கிறேன். துரையின் வயிறு உப்பியது என்று படித்தபோது, காரை எடு என்று தோன்றியதா, "கொஞ்சம் பார்க்கலாம்" என்று தோன்றியதா?