நகைக்கடை வாசல் துப்பாக்கி

"துப்பாக்கி இல்லாத துப்பாக்கிக் காவலாளியை வெச்சுக்கிட்டு நான் என்ன பண்றது, அழகிரி?" என்று கேட்டார் ரங்கநாதன்.

"தேர்தல் முடியறவரைக்கும் ஸ்டேஷன்ல ஒப்படைக்கணும் சார். சட்டம்."

சட்டம் சரிதான். ஆனால் அந்த ஸ்ரீரங்கத்து நகைக்கடைக்கு ரங்கநாதன் மேனேஜர். நாளைக் காலை இன்சூரன்ஸ்காரர் வருகிறார். வாசலில் துப்பாக்கியோடு ஆள் நின்றால்தான் பாலிசி. பாலிசி போனால் மேனேஜர் வேலையும் போகும் என்று முதலாளி போனிலேயே சொல்லிவிட்டார்.

"நகைக்கடைக்கு விலக்குக் கேக்கலாமாம். லைசென்சைக் குடுங்க, மனு எழுதறேன்."

"அதையும் ஸ்டேஷன்லயே வாங்கி வெச்சுக்கிட்டாங்க சார்."

"ரசீது?"

"வீட்டுல இருக்கு. சாவி சம்சாரத்துக்கிட்ட. அவ பாதயாத்திரையா சமயபுரம் போயிருக்கா."

ரங்கநாதனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எட்டு வருஷமாக அழகிரியின் இரட்டைக் குழல் துப்பாக்கியை நம்பித்தான் அவர் நிம்மதியாகத் தூங்கி வந்தார்.

வேறு வழியில்லை. மரத்தில் ஒன்று செய்து நிறுத்திவிடலாம் என்று முடிவு செய்தார். புத்தூரில் ஜமீல் என்று ஒரு தச்சர் இருப்பதாக அழகிரிதான் நம்பர் கொடுத்தார்.

காலையில் துப்பாக்கி வந்தது. கறுப்புப் பெயிண்ட் காயாமல் அழகிரியின் காக்கிச் சட்டையெல்லாம் அப்பிக்கொண்டது. ஆனாலும் பார்க்க மிரட்டலாகத்தான் இருந்தது. அதைப் பார்த்து மிரண்ட யாரோ தகவல் கொடுக்க, இன்சூரன்ஸ்காரர் வருவதற்கு முன்னால் தேர்தல் பறக்கும் படை வந்து இறங்கியது. கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதை.

"தேர்தல் நேரத்துல துப்பாக்கியா?" என்றார் படையின் அதிகாரி வேணி.

"மேடம், இது வெறும் மரம்."

"மரமா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல். இன்சூரன்ஸ்காரர்.

"இதுதான் சார் மரம். அசல் ஸ்டேஷன்ல பத்திரமா இருக்கு," என்று ரங்கநாதன் அவர் பக்கம் திரும்பிக் கெஞ்சினார்.

"செஞ்ச ஆளை வரச் சொல்லுங்க. எழுதி வாங்கணும்," என்றார் வேணி.

"அவர் எதுக்கு மேடம்? இதை உடைச்சே பாத்துடுங்களேன்," என்றார் அழகிரி.

"நீங்க கொஞ்சம் சும்மா இருங்க," என்று எரிந்து விழுந்த ரங்கநாதன், தாமே ஜமீலுக்குப் போன் போட்டார்.

ஜமீல் அரைமணியில் வந்தார். துப்பாக்கியைத் தட்டிப் பார்த்துத் தலையாட்டினார்.

"நான் செஞ்சதுதான் மேடம், வேப்பமரம். எட்டு வருஷத்துக்கு முன்னாடி அழகிரி அண்ணனுக்குச் செஞ்சு குடுத்தேனே, அதுதான் தேக்கு."