கூம்பு சார் தொடாத மைசூர்பாகு

ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரி வரைக்கும் சல்லடை போட்டுச் சலித்தாலும், ஒரு பெட்டி மைசூர்பாகை வைத்துக்கொண்டு ஒரு ஊரையே பகைத்துக்கொள்ளத் தெரிந்த ஆள் கூம்பு சார் ஒருவர்தான் தேறுவார்.

எங்கள் கட்டுமான கம்பெனியில் அவர் புராஜெக்ட் மேனேஜர். நான் பர்ச்சேஸில் இருந்தேன். அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயரை எல்லோரும் மறந்து பல காலம் ஆகியிருந்தது. காரணம், அந்த இரும்புக் கூம்பு. கான்கிரீட் லாரி வந்து நின்றதும் அதைத் தூக்கிக்கொண்டு ஓடுவார். கலவையை அதில் நிரப்பி, கம்பியால் குத்தி, கூம்பை மெல்ல மேலே உருவுவார். கலவை ஓரளவு நிமிர்ந்து நின்றால் லாரி உள்ளே போகலாம். சாணி மாதிரி சரிந்து படுத்தால் தண்ணீர் கூடுதல் என்று அர்த்தம்; வந்த வழியே திரும்ப வேண்டியதுதான். இந்த வேலைக்கென்று தனி ஆள் இருந்தும் கூம்பை அவர் யாரிடமும் தர மாட்டார். மதியச் சாப்பாட்டின்போதுகூட அது பக்கத்து நாற்காலியில் விருந்தாளி மாதிரி உட்கார்ந்திருக்கும்.

அப்போது நாங்கள் கட்டிக்கொண்டிருந்தது, ஒரு பெரிய தொழிற்சாலையில் வேலை பார்க்கும் பெண்களுக்கான நாலு மாடி விடுதி. கான்கிரீட் சப்ளை முனிராஜ் என்பவர். எங்கள் எம்.டி.யின் மச்சான். இதற்கு மேல் அவருக்குத் தகுதி எதற்கு?

ஆயுத பூஜைக்கு முனிராஜ் ஒரு பெரிய பெட்டி மைசூர்பாகு அனுப்பினார். இப்படி வருவதைச் சிலர் வாங்கிக்கொள்வார்கள், சிலர் திருப்பி அனுப்புவார்கள். சார் இரண்டிலும் சேர்த்தி இல்லை. பெட்டியை சைட் ஆபீஸ் மேஜைமேல் திறந்து வைத்து, கம்பி கட்டுகிறவர்கள், சித்தாள்கள், வாட்ச்மேன் என்று அத்தனை பேரையும் கூப்பிட்டார்.

"இது முனிராஜ் குடுத்தது. இதுக்கு பதிலா அவரு லாரில தண்ணி ஜாஸ்தியா இருந்தா நான் கண்ண மூடிக்கணுமாம். எல்லாரும் எடுத்துக்கங்க."

அதையே தெலுங்கில் ஒரு தரம், கன்னடத்தில் ஒரு தரம், வடக்கிலிருந்து வந்த பையன்களுக்காகத் தன் ஓட்டை இந்தியில் ஒரு தரம் அறிவித்தார். பெட்டி காலியானது. அவர் மட்டும் ஒரு துண்டைக்கூடத் தொடவில்லை.

முனிராஜ் வெட்கப்பட்டிருப்பார் என்று நினைக்கிறீர்களா? என்னிடம் வந்து சிரித்தபடி விளக்கம் சொன்னார்: "வேணான்றாருன்னா பத்தலைன்றாருன்னு அர்த்தம் சார்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒருவர் வேண்டாம் என்றால் அதை வேண்டாம் என்றே எடுத்துக்கொள்ள முடியாத அளவுக்கா நம் புத்தி கெட்டுக் கிடக்கிறது? நேர்மையைக்கூடப் பேரம் என்றுதான் பார்ப்போமா?

முனிராஜ் பேரத்தைத் தொடர்ந்தார். சீசனில் வேப்பனப்பள்ளி மாம்பழம் கூடை கூடையாக வந்தது. மேஜை, கூட்டம், நான்கு மொழி அறிவிப்பு. அப்புறம் ஒரு நாள் பேரிகை சந்தையிலிருந்து கொழுத்த கிடா ஒன்று வந்து சைட் கேட்டில் கட்டிக் கிடந்தது. கிடாவை மேஜைமேல் வைக்க முடியாதே! சார் சற்று யோசித்தார். கூம்புப் பரீட்சையில் தோற்ற முனிராஜின் லாரி ஒன்று திரும்பிப் போவதற்குத் தயாராக நின்றது. டிரைவர் பக்கத்து சீட்டில் கிடாவை ஏற்றிவிட்டார். ஓசூர் நெரிசலில் கான்கிரீட் லாரியின் ஜன்னல் வழியே கிடா தலையை நீட்டி வேடிக்கை பார்த்துக்கொண்டு போனதை, பக்கத்து பஸ்ஸில் இருந்தவர்கள் போனில் படம் பிடித்துக்கொண்டார்கள்.

நாங்கள் சிரித்தது அத்தோடு சரி.

அக்கா மகள் கல்யாணத்துக்காக சார் ராயக்கோட்டை போயிருந்தார். அந்த நாளாகப் பார்த்து, கீழ்த்தளத்தில் ஒரு வரிசைத் தூண்களுக்கு முனிராஜின் கான்கிரீட்டைக் கொட்டி முடித்துவிட்டார்கள். எம்.டி.யின் நேரடி உத்தரவு. சார் திரும்பி வந்து, தூண்கள் காய்ந்ததும் சுத்தியலால் தட்டினார். பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது. தூணில் துளை போட்டு ஒரு துண்டு எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார். மேல் மாடிகளை இது தாங்காது என்று முடிவு வந்தது. இடிக்க வேண்டும் என்றார். பூசி பெயிண்ட் அடித்துவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது என்றார் எம்.டி. திறப்பு விழாவுக்கு நாள் குறித்தாயிற்றாம், பெரிய மனிதர்கள் வருகிறார்களாம். நூற்றுக்கணக்கான பெண்கள் அதன்மேல் படுத்துத் தூங்கப்போகிறார்கள் என்பது எம்.டி.யின் ஏ.சி. அறையில் ஒருவர் கணக்கிலும் இல்லை.

சார் குரலை உயர்த்தவில்லை. "கட்டி முடிச்சதும் உங்க ரெண்டு பொண்ணுங்களயும் அந்தக் கீழ் ரூம்ல ஒரு மாசம் தங்க வைக்கறன்னு சொல்லுங்க சார். நான் இப்பவே கையெழுத்து போடறன்."

எம்.டி. திறப்பு விழா அழைப்பிதழின் மாதிரியை எடுத்துப் புரட்ட ஆரம்பித்தார்.

அடுத்த வாரம் தொழிற்சாலைக்காரர்கள் கட்டட வேலையைப் பார்வையிட வந்தார்கள். எம்.டி. சால்வையை விரிப்பதற்குள் சார் அவர்களைத் தூண்களிடம் அழைத்துப் போய், அவர்களில் பெரியவர் கையில் சுத்தியலைக் கொடுத்துத் தட்டச் சொன்னார். பிறகு தன் வழக்கப்படி, யார் கொட்டியது, யார் கொட்டச் சொன்னது என்று எல்லோரும் கேட்க அறிவித்தார்.

தூண்கள் இடிபட்டன. முனிராஜுக்கு ஒன்றும் ஆகவில்லை. அடுத்த சைட்டிலும் அவர்தான் சப்ளை. சாருக்குத்தான் சீட்டுக் கிழிந்தது. காரணம் என்ன தெரியுமா? ஒழுங்கீனமாம்! பிழைக்கத் தெரியாத மனுஷன் என்று ஆபீஸே உச்சுக் கொட்டியது. அந்த உச்சுச் சத்தம் நினைவுக்கு வந்தால் இன்றும் எனக்கு வயிறு எரிகிறது.

அவருடைய கடைசி நாளன்று, மனசு கேட்காமல் அரைக் கிலோ மைசூர்பாகு வாங்கிக்கொண்டு போனேன். சார் கூம்பைக் கழுவித் துடைத்து ஸ்டோரில் ஒப்படைத்துவிட்டு வந்தார். என் கையிலிருந்த பெட்டியைப் பார்த்தார். வாங்கி மேஜைமேல் திறந்து வைத்து எல்லோரையும் கூப்பிட்டார். எனக்கு வியர்த்துவிட்டது.

"இது நம்ம பர்ச்சேஸ் தம்பி குடுத்தது. இதுக்கு பதிலா..." நிறுத்திவிட்டு என் பக்கம் திரும்பினார். "உனக்கு என்னப்பா வேணும்?"

"ஒண்ணும் வேணாம் சார்."

"அவனுக்கு ஒண்ணும் வேணாமாம்" என்று நான்கு மொழிகளிலும் அறிவித்தார். இந்தியில் சொல்லும்போது மட்டும் குரல் லேசாகத் தடுமாறியது. பிறகு, யாரும் கை வைக்கும் முன்னால், முதல் துண்டை அவரே எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

"கடைக்காரன் நெய்யக் கொறச்சிட்டு சக்கரைய ஏத்திட்டான்" என்றார். சொல்லிக்கொண்டே இரண்டாவது துண்டையும் எடுத்தார். அதற்கப்புறம் அந்தக் கடையைத் தவிர வேறெங்கும் நான் மைசூர்பாகு வாங்கியதில்லை.