மோட்டச்சைக்கிள் இழுத்த தேர்

லண்டன் மாநகரின் தென்பாகத்தில் வாழும் சைவப் பெருமக்களுக்குத் தொண்ணூற்றிரண்டாம் ஆண்டு ஆவணி மாதத்தில் ஒரு பெருங்குறை ஏற்பட்டது. எங்கட பிள்ளையாருக்குத் தேர் இல்லை. வடக்கு லண்டன்காரர் தேர் இழுத்துப்போட்டினம். கிழக்கு லண்டன்காரர் தேர் இழுத்தது மட்டுமில்லை, அதை வீடியோ எடுத்து எங்களுக்கும் ஒரு கொப்பி அனுப்பிப்போட்டினம். இதுக்குப் பிறகும் சும்மா இருந்தால் நாங்கள் மனிசரே?

எங்கட கோயில் ஒரு பழைய மண்டபம். முந்தி அதுக்குள்ள சாரணப் பெடியள் கயிறு முடிஞ்சு பழகினவை. தலைவர் கணேசலிங்கம், யாழ்ப்பாணக் கச்சேரியில, அதுதான் அரசாங்கக் கந்தோரில, சீஃப் கிளாக்கா இருந்தவர். அவர் கச்சேரியை விட்டுக் கனகாலம், கச்சேரி அவரை விடேல்லை. கோயில் குழாய் ஒழுகினாலும் முதலில ஓர் உபகுழு அமைச்சு, அது அறிக்கை தந்த பிறகுதான் வாளி வைப்பார். நான் உதவிச் செயலாளர். செயலாளர் ஆரெண்டு கேளாதேங்கோ, அந்தப் பதவிக்கு ரெண்டு பேர் வழக்குப் போட்டிருக்கினம்.

தலைவரும் நானும் தேருக்கு அனுமதி கேட்டுக் கவுன்சிலுக்குப் போனம். எந்தக் கவுன்சில் எண்டு சொல்லமாட்டன், அவையளும் வாழவேணும். அங்கை இருந்த ஒபிசர் மிஸ்டர் பிளெட்சர் மெல்லிய மனுசன், நல்ல மரியாதை. தேர் எண்டால் என்ன எண்டு கேட்டார். நாலு சில்லு, மேல சாமி, முன்னால வடம், ஆக்கள் பிடிச்சு இழுக்கிறது எண்டு தலைவர் விளங்கப்படுத்தினார். பிளெட்சர் ஒரு தடிச்ச புத்தகத்தை எடுத்து அட்டையில இருந்து அட்டை வரைக்கும் பார்த்தார். கைவண்டி இருந்தது. குழந்தைப்பிள்ளை வண்டில் இருந்தது. ஐஸ்கிறீம் வண்டிலுக்கு ஒரு அத்தியாயமே இருந்தது. தேர் இல்லை. வகையில்லாத பொருள் தெருவில ஓடேலாது எண்டு வருத்தத்தோட சொன்னார். ஆனால் ஒழுங்கான வாகனம் ஒண்டு ஒழுங்கான ட்ரெயிலரை இழுத்துக்கொண்டு போனால், அதுக்கு ஆரிட்டயும் அனுமதி கேக்கத் தேவையில்லையாம்.

வெளியில வந்த தலைவருக்குக் கண் கலங்கிப்போச்சு. அனுமதி கிடைக்காத கவலையில இல்லை. "இவனல்லோ ஒபிசர்," எண்டார். லண்டனுக்கு வந்து இத்தனை வருஷத்தில, சட்டத்தை முழுக்க வாசிச்சுப்போட்டு இல்லையெண்டு சொன்ன முதல் மனுசனை அண்டைக்குத்தான் கண்டவராம்.

அப்ப ட்ரெயிலர் வேணும். அதை இழுக்கக் கார் வேணும். கார் இல்லாத கொமிற்றி மெம்பர் ஒருத்தரும் இல்லை, தலைவரிட்டப் பென்ஸே இருந்தது. ஆனால் ட்ரெயிலர் கொழுவிறதெண்டால் காரின்ர பின்பக்கத்தில ஓட்டை போட்டுக் கொழுக்கி பூட்டவேணும். பிள்ளையாருக்காக உயிரையும் குடுப்பம் எண்டு போன கூட்டத்தில பேசினவை எல்லாரும் இந்தக் கூட்டத்தில நிலத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தினம். உயிரில ஓட்டை போடலாம், பென்ஸில போடேலுமே? அப்பத்தான் எங்களுக்குப் பரமேஸ்வரன் ஞாபகத்துக்கு வந்தான்.

பரமேஸ்வரன் நோர்பரியில எனக்குப் பக்கத்து வீடு. ஹீத்ரோவில பிளேனுக்குப் பெட்டி ஏத்திற வேலை. ஊரெல்லாம் கார் வாங்க, அவன் மட்டும் ஒரு பென்னாம்பெரிய மோட்டச்சைக்கிள் வைச்சிருந்தான். தூரப்பயணம் போறதுக்கெண்டே செய்தது, சோபாவைப் போல சீற். எங்கட சனத்தில கார் இல்லாதவன் அரை மனுசன், மோட்டச்சைக்கிள் வைச்சிருக்கிறவன் அதிலயும் அரை. கோயிலுக்கு வந்தால் அதைக் குப்பைத் தொட்டிக்குப் பக்கத்திலதான் நிப்பாட்டவேணும் எண்டு ஒரு தீர்மானமே இருக்கு. அதை முன்மொழிஞ்சது நான்தான். பக்கத்து வீட்டுக்காரர் எண்ட உரிமையில செய்தது.

அந்த வருஷம் அவன் அதுக்குப் பின்னால கொழுவ ஒரு குட்டி ட்ரெயிலரும் வாங்கினான். ஒரு மீற்றருக்குக் குறைஞ்ச அகலம், மூடி, ரெண்டு சில்லு. கூடாரம், அடுப்பு, சட்டி எல்லாத்தையும் அதுக்குள்ள அடுக்கிக்கொண்டு புருசனும் பெண்சாதியும் ஸ்கொட்லாந்து சுத்தப்போற திட்டம். அவன்ர மனுசி சுலோச்சனாவுக்கு இது உயிர் ஆசை. லண்டனுக்கு வந்த நாளில இருந்து விடுமுறையெண்டு அவள் போனதெல்லாம் கோயிலுக்குத்தான். கோயிலில்லாத, கொமிற்றியில்லாத ஓர் ஊரைச் சாகிறதுக்கு முதல் ஒருக்காப் பாக்கவேணும் எண்டு என்ர மனுசிக்கே சொன்னவள். பரமேஸ்வரனும் மேலதிகாரியோட மல்லுக்கட்டி, ஆவணிக் கடைசிக் கிழமைக்கு லீவு எடுத்து வைச்சிருந்தான். அதை விட்டால் அடுத்த வருஷம்தான்.

நாங்கள் போய்க் கேட்டம். நேற்றுவரைக்கும் குப்பைத் தொட்டிக்குப் பக்கத்தில நிண்ட சாமானைத் தலைவர் "உங்கட வாகனம்" எண்டு சொன்னார். பரமேஸ்வரன் இளகிப்போனான். சுலோச்சனா இளகேல்லை. "ஞாயிறு தேர் எண்டால் திங்கள் விடிய நாங்கள் வெளிக்கிடவேணும். விடிய எண்டால் விடிய," எண்டாள். தலைவர் நெஞ்சில கைவைச்சுச் சத்தியம் பண்ணினார்.

அதோட முடிஞ்சிருக்கும். ஆனால் தலைவர் ஒழுங்கான மனுசன் எல்லோ, தேவையே இல்லாத அனுமதியை எழுத்தில வாங்கவேணும் எண்டு பிளெட்சரை மண்டபத்துக்குக் கூப்பிட்டார். பிளெட்சரும் ஒழுங்கான மனுசன், வந்தார். ட்ரெயிலரை அளந்தார், சில்லை உதைஞ்சு பார்த்தார், எல்லாம் திருப்தி. பிறகு இதில என்ன போகும் எண்டு கேட்டார்.

"கடவுள்," எண்டார் தலைவர்.

"பயணியா, சாமானா?" எண்டு கேட்டார் பிளெட்சர்.

எங்கட சமயத்தில ஆயிரம் வருஷமா ஆரும் கேக்காத கேள்வி. பிளெட்சர் நிலைமையை விளங்கப்படுத்தினார். ட்ரெயிலருக்குள்ள ஆளை ஏத்தக் கூடாது, ஆகவே பயணியெண்டால் போகேலாது. சாமானெண்டால் போகலாம், ஆனால் விழாமல் வரிஞ்சு கட்டவேணும். கடவுளைச் சாமான் எண்டு சொல்ல எங்களுக்கு நா எழும்பேல்லை. சரி, வழமையாக அவர் எதில போறவர் எண்டு பிளெட்சர் கேக்க, அந்தக் குழப்பத்தில நான் உண்மையைச் சொல்லிப்போட்டன். எலியில எண்டன். அவர் அதையும் குறிச்சுக்கொண்டார். அடுத்தநாள் சுகாதாரப் பகுதியில இருந்து ரெண்டு பேர் வந்து எங்கட மடைப்பள்ளி முழுக்கப் பொறி வைச்சிட்டுப் போச்சினம். அந்தக் கிழமை மோதகம் அவிக்கேல்லை.

அவசரக் கூட்டம் கூட்டினம். பிளெட்சரும் ஆலோசகராக வந்து ஓரமா இருந்தார். ஹவுன்ஸ்லோவில இருந்து வாற இந்தியக்காரர் வாசுதேவன், இஞ்சினியர், எழும்பினார். "ஆமா, உலகத்தையே ஓட்டுறவர் அவர்தானே, ஓட்டுநர்னு போட்டுக்கலாமே," எண்டார். எல்லாரும் கைதட்டினம். அப்ப லைசென்ஸ் இருக்கோ எண்டு பிளெட்சர் கேட்டார். இல்லையெண்டால் பழகுநர், எல் போட் கொழுவினவர் ட்ரெயிலர் இழுக்கேலாது. கோயில் ஐயர் எழும்பி, ட்ரெயிலர் வேண்டாம், பின்சீற்றில இருத்துவம் எண்டார். பின்சீற்றெண்டால் ரெண்டு பக்கமும் கால் போட்டு இருக்கவேணும், ஹெல்மெற்றும் போடவேணும். சம்மணம் கட்டியிருக்கிறவர் காலை எப்பிடிப் போடுவார்? அந்தக் காதுக்கு ஹெல்மெற் எங்கை வாங்கிறது? தலைப்பாகை கட்டின சீக்கியருக்கு விலக்கு இருக்கே எண்டு வாசுதேவன் வாதாடினார். பிளெட்சர் நிறைய யோசிச்சுப்போட்டுக் கிரீடத்தைத் தலைப்பாகையாகக் கொள்ளேலாது எண்டார். சொல்லேக்க அவருக்கே மனவருத்தம்.

இப்பிடியே போக, எல்லாருக்கும் தேத்தண்ணி குடுத்துக்கொண்டு வந்த சுலோச்சனா தட்டத்தை மேசையில வைச்சாள். திங்கள் கைநழுவுது எண்டு அவளுக்கு விளங்கிப்போச்சு.

"இந்தக் கொமிற்றியில பாதிப்பேர் லொறிக்குப் பின்னால சாமானாத்தானே இந்த நாட்டுக்கு வந்தனீங்கள். உங்களுக்கு வராத வெக்கம் பிள்ளையாருக்கு ஏன் வரப்போகுது?"

நான் தக்காளிப் பெட்டியளுக்குப் பின்னால வந்தனான். காசுக்கணக்குப் பாக்கிற தனாதிகாரி தளபாட லொறியில, ஒரு அலுமாரிக்குள்ள நிண்டபடி வந்தவர். தலைவர் மட்டும் பிளேனில வந்தவர், அதுவும் வேறொருத்தரின்ர பேரில. தலைவர் பேனாவை எடுத்து, கச்சேரித் தமிழில தீர்மானத்தை எழுதி வாசிச்சார்:

"ஸ்ரீ சித்திவிநாயகப் பெருமான் எதிர்வரும் ஞாயிற்றுக்கிழமை மண்டப வாசலைக் கடந்தது முதல் திரும்பி வந்து இறங்கும் வரை சாமானாகவே கருதப்படுவார் என்றும், அதன்பின் வழமைபோல் கடவுளாகக் கடமையேற்பார் என்றும் இச்சபை ஏகமனதாகத் தீர்மானிக்கின்றது."

ஞாயிறு வந்தது. ட்ரெயிலருக்கு மேல ஒரு மீற்றர் தாண்டாமல் ஒடுக்கமா ஒரு தேர், அதுக்குள்ள பட்டு நாடாவால வரிஞ்சு கட்டின பிள்ளையார். முன்னால மோட்டச்சைக்கிளில வேட்டி கட்டி ஹெல்மெற் போட்ட பரமேஸ்வரன். தெருவெல்லாம் சனம். ஒவ்வொரு சிவப்பு விளக்குக்கும் தேர் நிண்டது, நிண்ட இடமெல்லாம் ஐயர் தீபம் காட்டினார். பஸ்ஸுக்குள்ள இருந்த வெள்ளைக்காரரும் கையெடுத்துக் கும்பிட்டினம்.

பாதி வழியில ஒரு சிக்கல். தூரப்பயணத்துக்குச் செய்த எஞ்சின் நாதஸ்வரக்காரரின்ர நடைக்கு ஓடினால் என்ன செய்யும்? கொதிச்சுப் புகைச்சு நிண்டிட்டுது. எங்கட பொம்பிளையள் காத்துக்கொண்டு நிக்கேல்லை. வடத்தைக் கொண்டுவந்து மோட்டச்சைக்கிளின்ர முன்பக்கத்தில கட்டி அரோகரா எண்டு இழுக்கத் தொடங்கிட்டினம். கூட நடந்து வந்த பிளெட்சர் நிண்டார். பிளெட்சர் புத்தகத்தை மனதுக்குள்ள புரட்டிப்போட்டு, பழுதான வாகனத்தை ஆக்கள் ஓரத்தால இழுத்துக்கொண்டு போக இடமிருக்கு எண்டார். பிறகு சப்பாத்தைக் கழட்டிப்போட்டுத் தானும் வடத்தைப் பிடிச்சார். நாலு சில்லு, மேல சாமி, முன்னால வடம், ஆக்கள் பிடிச்சு இழுக்கிறது. இதைத்தான் நாங்கள் முதன்முதல் பிளெட்சரின்ர கந்தோரில கேட்டனாங்கள்.

திங்கள் விடிய, பரமேஸ்வரனும் சுலோச்சனாவும் கூடாரத்தைத் தூக்கிக்கொண்டு மண்டபத்துக்கு வந்தினம். எஞ்சின் ஆறி நல்ல சுகமாயிருந்தது. ஆனால் மோட்டச்சைக்கிளுக்கும் ட்ரெயிலருக்கும் மாலை போட்டு, சந்தனம் பூசி, கம்பிக் கதவுக்குள்ள வைச்சுப் பூட்டியிருந்தது. சாமி எழுந்தருளின வாகனத்தில இனி மனிசர் ஏறேலாதாம், அதுவும் அடுப்பும் முட்டைச் சாண்ட்விச்சும் ஏத்திறது பெரும் பாவமாம். பதிலுக்குப் பரமேஸ்வரனுக்குத் "தேர்ச்சாரதித் திலகம்" எண்ட பட்டம். பொன்னாடையோட தலைவர் வாசலில நிண்டார், பக்கத்தில பன்னீர்ச் செம்போட நான். பரமேஸ்வரன் கம்பிக் கதவைப் பிடிச்சுக்கொண்டு நிண்டான். எனக்கு அவனைப் பார்க்கப் பாவமாத்தான் இருந்தது. ஆனாலும் செம்பைக் கீழ வைக்கேல்லை.

சுலோச்சனா கூடாரத்தை நிலத்தில வைச்சாள்.

"ஐயா, நேற்று ட்ரெயிலரில போனது ஆர்?"

"பிள்ளையார்," எண்டார் தலைவர்.

"கடவுளாயோ, சாமானாயோ?"

தலைவருக்குத் தன்ர தீர்மானம் ஞாபகத்துக்கு வந்தது. கச்சேரியில ஊறின மனுசன், தெய்வத்தை மீறினாலும் மீறுவார், தீர்மானத்தை மீறமாட்டார். அவரே எழுதி அவரே வாசிச்சது. வாசலைக் கடந்தது முதல் திரும்பி வந்து இறங்கும் வரை அந்த ட்ரெயிலரில சாமான்தான் போனது. சாமான் போன ட்ரெயிலரில கூடாரம் போனால் என்ன பாவம்? தலைவர் மடியில இருந்த திறப்பை எடுத்துக் குடுத்தார். மாலையோட, சந்தனத்தோட, ரெண்டு பேரும் வடக்கு நோக்கிப் பறந்தினம். போற போக்கில அவள் எனக்குக் கையும் காட்டினாள்.

பிரச்சினை அதோட தீந்துது எண்டு நாங்கள் நினைச்சம். அப்ப ஐயர் மெல்லமாக் கேட்டார்: நேற்று போனது சாமானெண்டால், தேர்த்திருவிழா இன்னும் நடக்கேல்லைத்தானே?

விரதம், காவடி, அன்னதானம் எல்லாம் வீண். அடுத்த ஞாயிறு திரும்பவும் நடத்தவேணும், ட்ரெயிலர் ஸ்கொட்லாந்தில. வேற வழியில்லாமல், கவுன்சிலுக்கு மட்டும்தான் சாமான் எண்டு தீர்மானத்தைத் திருத்தி, வாடகைக்கு ஒரு ட்ரெயிலர் எடுக்க, தலைவரின்ர பென்ஸில ஓட்டை விழுந்தது. துளைக்கேக்க அவர் கண்ணை மூடிக்கொண்டு தேவாரம் படிச்சார். தலைவர் பூட்டினால் தனாதிகாரி பூட்டாமல் இருப்பாரே? தனாதிகாரி பூட்டினால் நான்? அந்த வருஷம் முடியிறதுக்குள்ள நோர்பரியில கொழுக்கியில்லாத தமிழன் கார் கிடையாது. கொழுவிறதுக்கு ஒருத்தரிட்டயும் ஒண்டும் இல்லை. கார் நிப்பாட்டிற இடத்தில கொழுக்கியில இடிச்சு எல்லாரின்ர முழங்காலிலயும் காயம், அதைப் பெருமையாக் காட்டிக்கொண்டு திரிஞ்சம். சுலோச்சனா ஒரு தபாலட்டை போட்டிருந்தாள். இஞ்சை கோயிலில்லை, விடாமல் மழை, நல்ல சந்தோசமா இருக்கிறம் எண்டு.

ரெண்டு வருஷம் கழிச்சு என்ர மகனுக்குக் கலியாணம் பேசினம். பெடியன் கணக்காளர், நல்ல இடம். பெண்பகுதி சீதனமாக் கார் தாறம் எண்டிச்சினம். நானும் மற்ற ஆக்களைப் போலத்தானே, கொழுக்கியோட தரவேணும் எண்டு கண்டிப்பாச் சொல்லிப்போட்டன். அதைப் பக்கத்து வீட்டில போய்ப் பெருமையாச் சொல்ல, சுலோச்சனா தேத்தண்ணிக் கோப்பையை எனக்கு முன்னால வைச்சாள்.

"அண்ணை, மகன் பயணியா, சாமானா?"

அதைக் கொமிற்றியில வைச்சுப் பாப்பம் எண்டு சொல்லிப்போட்டுத் தேத்தண்ணியைக் குடிச்சன்.