மாடி அறை ஞானத்தகப்பன்

"வாழ்த்துகள், பத்ரீனோ!" என்று சோளரொட்டிக் கடைக்காரி இரண்டு ரொட்டி கூடுதலாக வைத்துக் கட்டினாள்.

"ஆமாம், ஆமாம்" என்று சிரித்துவைத்தான் லிம்பானி. மலாவியிலிருந்து மெக்சிகோவின் புயெப்லா நகருக்கு வேளாண்மை படிக்க வந்த நாளிலிருந்து, புரியாத எல்லாவற்றுக்கும் அவனுடைய பதில் அதுதான்.

தெருமுனையில் நின்று போனில் பொருள் பார்த்தான். சிரிப்பு நின்றது. பத்ரீனோ என்றால் ஞானத்தகப்பன்!

யாருக்கு என்பதில் சந்தேகமில்லை. அவன் மாடியில் வாடகைக்கு இருக்கும் வீட்டின் சொந்தக்காரி செலியாவின் பேரனுக்கு ஞாயிற்றுக்கிழமை திருமுழுக்கு. மகள் மரிபெல் குழந்தையோடு மாடிக்கு வந்து ஏதோ படபடவென்று பேசிவிட்டுப் போயிருந்தாள். அப்போதுதான் கேட்டிருப்பாள். இவனும் தலையாட்டியிருப்பான்.

படிப்பு முடிந்தால் ஊருக்குப் போகிறவன். ஒரு குழந்தைக்குக் காலமெல்லாம் துணையிருப்பேன் என்று சாமி முன்னால் எப்படிப் பொய் சொல்வது?

நேரே செலியாவிடம் போனான். "அம்மா... எனக்கு... கோட்டு இல்ல."

"அதுக்கா ராசா முகம் வாடிப்போச்சு?" செலியா காலமான கணவரின் கோட்டை எடுத்து மாட்டிவிட்டாள். கை முழங்கையோடு நின்றது. பக்கத்து வீட்டுத் தையல்காரி ஓடிவந்து ஓரம் பிரித்தாள். தெருவே வேடிக்கை பார்த்தது.

மறுநாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டான். "வயிறு... சரியில்ல."

"பயம்டா, வேற ஒண்ணுமில்ல!" என்று ஒரு சட்டி கோழி சூப்பைக் குடிக்கவைத்துவிட்டுத்தான் எழுந்தாள்.

"ஜெபம்... ஸ்பானிஷ்ல தெரியாது" என்றான் கடைசியாக. அன்று மாலையே பாதிரியார் வந்து உட்கார்ந்துவிட்டார். பாடம் முடிந்ததும், "வகுப்புல இவ்வளவு வேகமா படிக்கிறியா?" என்று தட்டிக்கொடுத்தார்.

ஞாயிறு காலை, வேறு வழியில்லாமல், தூரத்து வெராக்ருஸ் நகருக்குப் போகும் பஸ்ஸில் ஏறி ஒளிந்தான். ஓட்டுநர் திரும்பிப் பார்த்தார்.

"செலியா அத்தை வீட்டு ஞானத்தகப்பன்தானே நீ? இந்த பஸ் கோயிலுக்குப் போகாதேப்பா!"

நடுரோட்டில் வண்டியை நிறுத்தி, எதிரே வந்த டவுன் பஸ்ஸில் அவனைத் தூக்கிப் போட்டார். பயணிகள் கைதட்டினார்கள்.

கோயிலில் குழந்தையைக் கையில் கொடுத்தார்கள். தண்ணீர் தலையில் பட்டதும் அது வீறிட்டு அழுது, அவன் விரலைப் பிடித்துக்கொண்டது. விடவேயில்லை.

"இவனுக்குத் துணையா இருப்பியா?" என்று கேட்டார் பாதிரியார்.

கேள்வி முழுதும் புரிந்தது. எங்கே இருந்தால் என்ன, கடுதாசி போடலாம், போனில் பேசலாம், வளர்ந்தால் மலாவிக்குக் கூப்பிடலாம்.

"இருப்பேன்" என்றான்.

விருந்தில் மேளமும் ஊதுகொம்பும் காதைப் பிளந்தன. மரிபெல்லின் மாமா நிக்கானோர் ஒரு தட்டு வான்கோழிக் கறியோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"மாமா... ஒண்ணு கேக்கணும். இத்தனை சொந்தம்... இருக்கு. ஏன்... என்னைக் கேட்டாங்க?"

நிக்கானோர் மெல்லுவதை நிறுத்தினார்.

"உன்னை யாருப்பா கேட்டா? ஞாயித்துக்கிழமை மேளச்சத்தம் இருக்கும், மன்னிச்சுக்கோன்னு சொல்லத்தான் மரிபெல் மாடிக்கு வந்தா. நீதான் 'பத்ரீசிமோ', பிரமாதம்னு சொல்ல வந்தியோ என்னவோ, புள்ளையைக் கையில வாங்கி 'நான் பத்ரீனோ, நான் பத்ரீனோ'ன்னு குதிச்சியாம், இவ்வளவு ஆசைப்படுறவன் மனசை நோகடிக்க வேண்டாம்னு நான் விலகிக்கிட்டேன்!"