கவரைப்பேட்டையில் தொங்கும் என் முகம்

ஊத்துக்கோட்டை,
ஞாயிற்றுக்கிழமை.

என் அக்காள் பெற்ற அருஞ்செல்வியும், சென்னையில் கம்பெனிகளுக்கு லோகோ வரைந்து கொடுத்து உலகத்துக்கே அடையாளம் தருபவளுமான பூமிகாவுக்கு, அரிசிச் சக்கரவர்த்தியாகிய உன் தாய்மாமன் அரசப்பன் ஆசீர்வதித்து எழுதுவது. நானும் உன் அத்தை திலகவதியும் நலம். உடம்பு மட்டும்தான் நலம். மானம் படுத்துவிட்டது.

"ஒவ்வொரு லோகோவுக்குப் பின்னாடியும் ஒரு கதை இருக்கணும் மாமா" என்று நீதான் சொன்னாய். நம் அரிசிப் பைக்கு இரண்டே கோட்டில் ஒரு நெற்கதிர் வரைந்தாய். இதில் கதை போதாது, இரவுபகல் தூங்காமல் வயலைக் காக்கும் உழவனின் முகம் வேண்டும், அது என் முகமாக இருந்தால் நாட்டுக்கே நல்லது என்றேன். வரைந்தாய். ரயிலில் போகிறவனுக்கும் தெரியும்படி கண்ணைப் பெரிதாக்கு என்றேன். ஆக்கினாய். மீசையையும் என்றேன். பெரியவன் சொன்னால் அப்படியே கேட்டுவிடுவதா? படித்த பெண் தடுக்க வேண்டாமா?

கவரைப்பேட்டைக் கடைகளில் முதல் மூட்டைகள் விற்றுப்போன பூரிப்பில் இருந்தேன். கும்மிடிப்பூண்டித் தொழிற்சாலை ஒன்றின் கேன்டீன் மேனேஜர் விமல், நம் அரிசியைச் சமைத்துப் பார்த்துவிட்டு, வயலையும் பார்க்க வேண்டும் என்றார். அவர் தலையாட்டினால் வருடம் முழுக்க அங்கே நம் அரிசிதான் வேகும். இல்லையென்றால் வழக்கம்போல வியாபாரி காலில் விழ வேண்டியதுதான். அவர் காரிலேயே ஏறி வழிகாட்டி வந்தேன். கவரைப்பேட்டையில் பாதி கட்டிய ஒரு வீடு. அதன் நெற்றியில், எலுமிச்சை மிளகாய் சகிதம், திருஷ்டி பொம்மை இருக்க வேண்டிய இடத்தில், நான் தொங்கினேன் பூமிகா. நம் காலிப் பையிலிருந்து முகத்தை மட்டும் வெட்டி மாட்டியிருந்தார்கள். ஈரேழு பதினாலு லோகமும் எனக்குச் சுற்றியது. பக்கத்து வீட்டிலும் நான். எதிர் மாடியில் வைக்கோல் அடைத்து, கை காலோடு நான்.

இறங்கிப் போய் மேஸ்திரி கலியனைக் கேட்டேன். "இன்னாய்யா, என் மூஞ்சிய மாட்டிக்கினு கீறே?"

அவன் சாரத்தின் மேலிருந்தே என்னையும் பையையும் மாறி மாறிப் பார்த்தான். "அட, நீதானா நைனா அது. கடைல விக்கிற பொம்மைல இவ்ளோ பயம் இல்ல. இத மாட்னதுலேர்ந்து ஒரு கண்ணு அண்டல. செத்த அந்தாண்ட போய் நில்லு, பின்பக்கம் இன்னும் மாட்டல."

விமல் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடப் பிழைத்திருப்பேன். "இந்த மூஞ்சி போட்ட மூட்டை வந்தா எங்க ஆளுங்க சோத்துல கைய வெப்பாங்களா சார்?" என்று கேட்டுவிட்டு வண்டியைத் திருப்பிப் போயே போய்விட்டார். ஷேர் ஆட்டோ பிடித்து ஊர் வந்தேன். அதில் ஒரு குழந்தை என்னைப் பார்த்து, இறங்கும்வரை அழுதது.

ஆகவே இது கண்டவுடன் என் முகத்தை அழித்துவிட்டு அந்த நெற்கதிரையே அனுப்பு. இனி நம் இருவருக்கும் லோகோ பேச்சே வேண்டாம். அக்காவை விசாரித்ததாகச் சொல். யார் கண்ணும் படாமல் நீ நூறாண்டு நன்றாயிரு.

உன் மாமன்,
அரசப்பன்

பி.கு.: கடிதத்தை ஒட்டுவதற்குள் விமலே வந்து நின்றார். தொழிற்சாலையில் புது ஷெட் எழும்புகிறதாம், அதற்கும் மேஸ்திரி அதே கலியன்தானாம். மூலைக்கு மூலை இந்த முகம் மாட்டாமல் சாரத்தில் ஏற மாட்டோம் என்கிறார்களாம் ஆட்கள். காலிப் பை கிடைக்குமா என்றார். எடுக்கப் போன என் கையை உன் அத்தை பிடித்துக்கொண்டாள். "காலியா தர்றதில்ல சார். அரிசிய கேன்டீன்ல கொட்டிக்கினு பைய எடுத்துக்குங்க." வருடத்துக்கும் பேசி முடித்தாகிவிட்டது. எனவே மேலே உள்ளதை நீ படிக்கவில்லை. நெற்கதிரைத் தூக்கிப் போடு. நாக்கை மட்டும் கொஞ்சம் வெளியே நீட்டி வரைந்து அனுப்பு. கலியன் கேட்கிறானாம்.